நான்காவது திரையின் கேள்வி

என் வேலை என்னவென்று கேட்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கே அலுத்துவிடும். கைபேசியில் ஒரு செயலியைத் திறந்தால் 'அடுத்து' என்று ஒரு பொத்தான் வருகிறதல்லவா, அந்த 'அடுத்து'வை எழுதுகிறவன் நான். குரும்பகரத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்தபடி எழுதுகிறேன். நடவு நாளில்கூட லேப்டாப்பை மூடாத இந்தப் பிழைப்பை என் அப்பா இன்னும் முழுசாக நம்பவில்லை.

எங்கள் நிறுவனம் விசைப்படகுகளுக்கென்று ஒரு பெட்டி செய்தது. கடலில் ஏதாவது ஆனால் அதிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். கரையில் ஒருவருடைய கைபேசிக்கு உடனே செய்தி போகும். பெட்டியை முதன்முதலாகக் கைபேசியோடு இணைக்கும்போது செயலி சில கேள்விகள் கேட்கும். அவற்றைத் தமிழில் எழுதியது நான். வாங்கியவர்கள் எல்லாரும் மளமளவென்று நான்காவது திரை வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டார்கள். 'படகுக்கு ஆபத்து நேர்ந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்?' இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? எழுத்து சின்னது என்றார் அலுவலகத்தில் ஒருவர். நிறம் சரியில்லை என்றார் இன்னொருவர். எனக்கு மண்டை குடைந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்ப அதிக நாளில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கடலோர மீனவ ஊரான மண்டபத்தூர் போனேன்.

அங்கே பெட்டி வாங்கிய ஒரு படகுக்காரர், தன் வீட்டில் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போதே மூன்று திரைகளைத் தாண்டினார். நான்காவது வந்ததும் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"டீ சாப்புடுறீங்களா தம்பி?"

"கேள்வி புரியலையாண்ணே?"

"நல்லாப் புரியுது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அவர் மனைவிதான் விஷயத்தைச் சொன்னார். "கடலுக்குப் போற நேரத்துல அந்த வார்த்தைய வாயில எடுக்க மாட்டோம் தம்பி. நீங்க கையால எழுதவே சொல்றீங்க." பிறகு வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "ஆனா அந்த எடத்துல என் நம்பருதான் இருக்கணும். போன புயலப்ப இவங்க வேற துறையில ஒதுங்கிட்டாங்கன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்குக் கடைசியாத்தான் சேதி வந்துச்சு. அதுவரைக்கும் நான் பட்ட பாட்ட நீங்க பாக்கல."

"அண்ணன்கிட்ட நீங்களே சொல்லலாமேக்கா?"

"எப்படிச் சொல்றது? நான் சொன்னாலும் அதே பேச்சுதானே."

வயலுக்குப் போகிற என் அப்பாவிடம் வீட்டில் யாரும் வார்த்தையைப் பார்த்துப் பேசியதாக நினைவில்லை. இங்கோ கட்டிய மனைவி கேட்க முடியாத ஒன்றை ஒரு கைபேசித் திரை கேட்டாக வேண்டும். அதுவும் கேட்காத மாதிரி கேட்க வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூர சந்தோஷமாக இருந்தது. 'அடுத்து'வைத் தாண்டி இப்படி ஒரு வேலை எனக்கு வந்ததே இல்லை.

ஆபத்தை எடுத்துவிட்டு மாற்றி எழுதினேன். 'கரைக்குத் திரும்பும்போது முதலில் யாருக்குப் போன் செய்வீர்கள்?' எல்லாரும் தங்குதடையின்றி நிரப்பிவிட்டார்கள். அலுவலகத்தில் என்னைப் பாராட்டினார்கள், நானும் கொஞ்சம் மிதந்தேன். இருந்தாலும் யாருடைய எண்ணைக் கொடுத்திருப்பார்கள் என்று அரித்துக்கொண்டே இருந்ததால் மறுபடி மண்டபத்தூர் போனேன். படகுக்காரர் கொடுத்திருந்தது மீன் வியாபாரியின் எண்.

"கரை நெருங்குனதும் என்ன மீன், எவ்வளவுன்னு அவருக்குத்தானே சொல்லுவோம்?" என்றார். நியாயம்தான். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் வியாபாரி ஐஸ் பெட்டியோடு வந்து நிற்பார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. உள்ளே இருந்து அந்த அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"வீட்டாளு ஒருத்தர் நம்பர்னு கேட்டா யாருதக் குடுப்பீங்கண்ணே?"

"சிங்கப்பூர்ல என் தம்பி இருக்கான். அவன் போன் எப்பவும் ஆன்லயே இருக்கும்."

வீட்டுக்கு வந்து எழுதினேன், அழித்தேன், எழுதினேன். கடைசியில் நின்றது இதுதான்: 'நீங்கள் கரை சேரும்வரை தூங்காமல் இருப்பவர் யார்?' ஒரு செயலி இப்படியெல்லாம் கேட்குமா என்று அலுவலகத்தில் ஆளாளுக்குச் சண்டைக்கு வந்தார்கள். நானும் விடவில்லை. ஒரே ஒரு கைபேசியில் சோதித்துப் பார்க்க அனுமதி வாங்கினேன்.

படகுகள் கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தப் படகுக்காரர் வீட்டில் இருந்தேன். வாசித்தவர் கைபேசியைக் கவிழ்க்கவில்லை. தட்டவும் இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். இதுவும் போச்சு என்று நினைத்தேன். அப்புறம், பெயர்ப் பட்டியலைத் திறக்காமலேயே, ஒவ்வோர் எண்ணாகத் தட்டினார்.

அடுப்படியில் ஒரு கைபேசி ஒலித்தது. அக்கா ஈரக் கையைத் துடைத்தபடி அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். 'இந்தப் படகின் செய்தி இனி முதலில் உங்களுக்கு வரும்' என்று அதில் வந்திருந்தது. அதை எழுதியதும் நான்தான்.

"என்னன்னு கேட்டீங்க?" என்றார் என்னிடம். கேள்வியைக் காட்டினேன். மெதுவாக வாசித்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். அவர் குனிந்து பெட்டியின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் முழிச்சிருக்கது இவங்களுக்குத் தெரியாதுன்னுல்ல இத்தன வருசமா நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றார் அக்கா.