நாங்கள் யாரும் கை வைக்காத கார்

அப்பா இருந்தார். மாதேஷ் மாமா இருந்தார். எங்கள் லைன் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்த இசக்கிமுத்து அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கையில் அச்செடுத்த தாளோடு நான் இருந்தேன். அம்மா இல்லை. கார் அம்மாவுக்காகத்தான்.

நேற்று, கூட வேலை பார்க்கும் நண்பரின் புதுக் காரில் ஏறியதும் கவர் பிரிக்காத சீட்டின் வாசம் அடித்தது. உடனே ஆறு வருடம் முந்தைய அந்த ஷோரூம் வருகைப் பதிவு மனதில் ஓடியது.

அம்மா ரோஜா கிரீன்ஹவுஸில் நின்று நின்றே முட்டி தேய்ந்தவர். முட்டிக்கான பயிற்சிக்காக வாரம் இரண்டு முறை உத்தனப்பள்ளியிலிருந்து ஓசூர் ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோவில், பிறர் மடியில் பாதியும் சீட்டில் பாதியுமாகப் போய்வந்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் லோன் போட்டேன்.

கார் வாங்க வெளியூர்க்காரர்கள் மெக்கானிக்கைக் கேட்பார்கள். எங்கள் பக்கம் அதற்கு அவசியமில்லை. தெருவுக்கு நாலு பேர் ஏதாவதொரு கம்பெனியில் காரின் ஒரு துண்டைச் செய்துகொண்டிருப்பார்கள். துண்டு தெரிந்தவனுக்கு முழுசும் தெரியும் என்பது எங்கள் நம்பிக்கை.

முதல் காரை மாமா கழித்தார். "வேணாம்டா. அதுக்கு பிரேக் ஷூ நாங்கதான் போடறோம்."

"நல்லாத்தானே மாமா போடறீங்க?"

"மாசக் கடைசியில டார்கெட் அவசரத்துல போடறப்ப வந்து பாரு, தெரியும்."

இரண்டாவதை, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பம்பருக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த இசக்கிமுத்து அண்ணன் கழித்தார். "சொல்லுதேன் கேளு தம்பி. அந்தப் பெயின்ட்ட என் வீட்டுக் கதவுக்குக்கூட அடிக்க மாட்டேன்."

"உங்களுக்கு ஏதுண்ணே வீடு, வாடகைதானே?" என்றார் மாமா.

"அதான் அடிக்கலங்கேன்."

மூன்றாவதை நானே கழித்தேன். அதன் கியர் வீல்கள் என் இன்ஸ்பெக்‌ஷன் மேசையைத் தாண்டித்தான் போகும். என் கையெழுத்தின் மேல் எனக்கே அவ்வளவு நம்பிக்கை.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் எழுத்தை நம்புவார். "நீ படிச்சவன், தாள்ல போட்டுக் கொண்டா" என்றார். எங்கள் வீட்டில் முதல் டிப்ளமோ நான். மைலேஜ், டிக்கி, ஏர்பேக் என்று முப்பத்தொரு கட்டம் போட்டேன்.

கடைசியில் நாங்கள் யாரும் எந்தத் துண்டையும் செய்யாத ஒரு கார் சிக்கியது. யாராலும் குறை சொல்ல முடியவில்லை, யாருக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாததால். மண் ரோட்டில் அடிவயிறு இடிக்கக் கூடாது என்பது மட்டும் அப்பாவின் கவலை. "இந்த ரேட்டுல இருக்கறதுலயே இதுதான் சார் உயரம்" என்றார் சேல்ஸ்மேன். நால்வரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம்.

வீட்டு வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கியதும் அம்மாவுக்குக் கதவைத் திறந்து பிடித்தேன். அம்மா வலது காலைத் தூக்கினார், இறக்கினார். இடது காலைத் தூக்கினார், இறக்கினார்.

"இதுல ஏறணும்னா முட்டி நல்லா இருக்கணும். முட்டி நல்லா இருந்தா நான் எதுக்குடா ஆஸ்பத்திரிக்குப் போறேன்?"

"பழகிடும்க்கா" என்றார் மாமா.

மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் பொருளைத் திருப்பி அனுப்புவது என் வேலை. தரையிலிருந்து காரின் வாசல் எவ்வளவு உயரம் என்று முப்பத்தொரு கட்டத்தில் ஒன்றில்கூட இல்லை.

இரண்டு வாரம் கார் கவர் போர்த்திக்கொண்டு நின்றது. அம்மா ஷேர் ஆட்டோவிலேயே போனார். மூன்றாம் வாரம் திரும்பி வரும்போது, மடியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கியது. யாரையும் கேட்கவில்லை. அதைக் கதவுக்குக் கீழே போட்டு, ஏறி உட்கார்ந்து, "போலாமா?" என்றார்.

இப்போது மாமாவின் கம்பெனி வேறு மாநிலம் போய்விட்டது. இசக்கிமுத்து அண்ணன் ஊர் திரும்பிவிட்டார். "யாரைக் கேட்டு வாங்கினீங்க?" என்று நேற்று நண்பரிடம் கேட்டேன். போனை நீட்டினார். வீடியோவில் யாரோ ஒருவர் சிரித்த முகமாகக் கார்க் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். 'நானே செய்தது, அதனால் வாங்காதே' என்று சொல்ல அதில் ஆளில்லை.

"உங்க வண்டி எவ்வளவு ஆச்சு?" என்றார் நண்பர்.

கார், பதிவு, இன்சூரன்ஸ், ஸ்டூல் எல்லாம் சேர்த்துச் சொன்னேன். பதினோரு லட்சத்து நாற்பதாயிரத்து நூற்றெண்பது ரூபாய்.