சுரங்கத்துக்காரர்களுக்கு ஓர் ஆர்கன்

காற்றூதும் குழல்களால் பாடும் பைப் ஆர்கனைத் தேவாலயத்தில் பூட்டுகிறவன் கட்டடத்தை அளந்தால் மட்டும் போதாது, ஊர்க்காரர்களின் தொண்டையையும் அளக்க வேண்டும். வெளியூருக்கு ரிப்பேர் வேலைக்குப் போய்ச் சிக்கிக்கொண்ட சகோதரர்களே, உங்களுக்குப் புரியும்.

மூழ்கிய இசை

அறுபதுகளில், மலைத் தேவாலயம் ஒன்று கைவிட்ட சின்ன ஆர்கனை நெய்வேலி நகரியத்துத் தேவாலயத்தில் பூட்ட, மெட்ராஸ் கம்பெனி முதன்முறையாக என்னைத் தனியே அனுப்பியது. கட்டடம் சின்னது என்பதால் புல்லாங்குழல்போல் இதமாக ஒலிக்கும் குழல்களை மட்டும் பூட்டினேன். கீச்சென்று ஒலிக்கும் குட்டிக் குழல் வரிசை பெட்டியிலேயே கிடந்தது. வாசிப்பும் என் தலையில்தான்.

ஞாயிறு மதிய ஆராதனைக்கு, இரண்டாம் ஷிப்டுக்குப் போகிறவர்கள் டிபன் கேரியரோடு வந்தார்கள். இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டைகள். பாட்டின் முதல் அடியிலேயே அவர்கள் குரலில் ஆர்கன் மூழ்கிவிட்டது. கமிட்டித் தலைவரான சுரங்க ஃபோர்மேன் ஜேக்கப் என்னை வாசலில் நிறுத்தினார்: "வாசிச்சீங்களா தம்பி? நீங்க சும்மா உக்காந்திருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்! அடுத்த ஞாயிறும் இப்படின்னா ஆர்கனை லாரியில ஏத்தித் திருப்பி அனுப்பிடுவோம். நமக்கு ஆர்மோனியமே போதும்."

ஒழுகாத குழல்கள்

குட்டிக் குழல்களை வெளியே எடுத்தேன். தனியாகக் கேட்டால் பல் கூசும்; மற்றவற்றோடு சேர்ந்தால் கூட்டத்தின் குரலுக்கு மேலே ஏறி நின்று மெட்டைக் காட்டும். சில நசுங்கியிருந்தன. சுரங்கத்தில் பைப் ஃபிட்டரான ஆரோக்கியம், மொத்தமாகச் சரிசெய்து தருகிறேன் என்று ஆசையாக வாங்கிப்போனார்.

மறுநாள் பளபளவென்று வந்தன. ஊதினேன், ஒன்றும் ஒலிக்கவில்லை. ஒலி பிறப்பதே குழலின் அடியிலுள்ள வாய்போன்ற பிளவில்தான். அத்தனை வாயையும் ஈயம் வைத்து அடைத்திருந்தார். கேட்டதற்கு, "எல்லாத்துலயும் காத்து ஒழுகிக்கினு இருந்துச்சுங்க. எங்க லைன்ல இப்படி ஒழுகினா சூப்பர்வைசர் வுடுவாரா?" என்றார்.

மறு ஞாயிறு

அடைத்த வாய்களையெல்லாம் அவரும் நானும் உட்கார்ந்து திறந்து முடிப்பதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. ஞாயிறன்று எல்லா வரிசைகளையும் ஒன்றாகத் திறந்துவிட்டேன். ஆர்கன் ஏறியது, சுரங்கத்துக்காரர்கள் விடுவார்களா, அவர்களும் ஏறினார்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் அவர்களாகவே முதலிலிருந்து மறுபடி பிடித்தார்கள்.

வெளியே வந்தால் ஷிப்ட் பஸ்ஸைக் காணோம். ஜேக்கப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு லாரிதான் கண்ணில் தெரிந்தது. "சைரன் ஊதினதே கேக்கல தம்பி! இவ்ளோ வருஷத்துல இன்னிக்குத்தான் நான் லேட்டு. ஆர்கனைத் திருப்பி அனுப்பிட்டா மேலதிகாரிங்ககிட்ட எதைக் காட்டித் தப்பிக்கிறது? அது இங்கயே இருக்கட்டும்."

ஒரு ஷிப்டையே வேலைக்குத் தாமதமாக அனுப்பியதுதான் என் தொழிலில் நான் வாங்கிய முதல் நற்சான்று.