அத்தானுக்கென்று ஒரு சிரிப்பு

என் மனைவியின் அண்ணன் துபாயில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து தேங்காய்ப்பட்டணத்தில் வீடு கட்டியவர். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுகத்தில் மீன் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். டீ குடிப்பார். கதை சொல்வார்.

ஒரு ஞாயிறு அவர் பேசிக்கொண்டிருக்கையில் என் விரல் போனில் எங்கோ பட்டு, எங்கள் பேச்சு குரல் செய்தியாக மனைவிக்குப் போய்விட்டது. அவர் கிளம்பிய பிறகு அவள் அதைப் போட்டுக் கேட்டாள்.

"இதுல ஆடு எங்கயிருந்து வந்துது?" என்றாள்.

ஆடு இல்லை, நான்தான். அத்தான் ஒவ்வொன்றைச் சொல்லி முடிக்கும்போதும் நான் ஆடு கத்துவதுபோலச் சிரிக்கிறேன். சாளை மீன் விலை ஏறிவிட்டது என்கிறார், ஹிஹிஹி. தண்ணீர் மோட்டார் எரிந்துபோயிற்று, ஹிஹிஹி. முட்டுவலியில் தூக்கமே இல்லை என்கிறார். அதற்குத்தான் எல்லாவற்றிலும் நீளமான ஹிஹிஹி.

எனக்குப் பகீரென்றது. ஆபீஸிலோ பஸ்ஸிலோ நான் இப்படிச் சிரிப்பதில்லை. இது அத்தானுக்கென்றே தனியாக வைத்திருந்த சிரிப்பு. அடுத்த முறை சிரிக்காமல், எனக்குள்ளே என்ன நடக்கிறது என்று மட்டும் பார்ப்பது எனத் தீர்மானித்தேன்.

அத்தான் வந்தார். துபாயில் லிஃப்டுக்குள் ஒரு அரபியோடும் ஒரு பொதி கருவாட்டோடும் மாட்டிக்கொண்ட கதையை ஆரம்பித்தார். நான் வழக்கமாகச் சிரிக்கும் இடம் வந்ததும் வயிற்றிலிருந்து ஏப்பம்போல ஒன்று கிளம்பித் தொண்டை வரை வந்து நின்றது. உற்றுப் பார்த்தேன். அது சிரிப்பே இல்லை, பயம். சிரிக்காவிட்டால் இந்த மனிதருக்கு என்னைப் பிடிக்காமல் போய்விடுமோ என்ற பயம். அதை விழுங்கினேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

அத்தான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். வாசல் தாண்டியதுமே தங்கைக்கு, அதாவது என் மனைவிக்குப் போன்.

"ஏட்டி, மாப்பிளைக்குத் தலைக்கு ஏதாவது கொழப்பம் உண்டா? லிஃப்டு கதைக்கு அழுதாரு பாத்துக்க."

சாயங்காலத்துக்குள் மாமியார் மண்டைக்காட்டு அம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்துவிட்டார். தலைநோவு, தலைக்கோளாறு எல்லாவற்றுக்கும் அங்கே அதுதான் வழிபாடு. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "கோளாறு உள்ளவன் அப்படித்தான் சொல்லுவான்" என்றார்.

அத்தான் காரிலேயே கோவிலுக்குப் போனோம். பெண்கள் பின்னால், நான் முன்னால். கொஞ்ச தூரம் போன பிறகு அத்தான் மெல்ல, "லிஃப்டுக்குள்ள அந்த அரபி..." என்று தொடங்கினார்.

"அத்தான், எனக்கு அந்தக் கதைக்குச் சிரிப்பு வராது. எப்பவுமே வந்ததில்ல."

கார் ஒரு கணம் தள்ளாடியது.

"எனக்கும் வராது ஓய். சொல்லிச் சொல்லி அலுத்து மடுத்தாச்சு. நீரு அந்தச் சிரி சிரிக்கீரேண்ணுதான், பாவம், நிறுத்தாம சொல்லிட்டு இருந்தேன்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார். பிறகு இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு பிடித்துக்கொண்டது. வயிறு வலித்தது. அத்தான் காரை ஓரங்கட்டி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் குலுங்கினார்.

பின் சீட்டில் மாமியார் மகளிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது:

"ஒனக்க அண்ணனுக்கும் சேர்த்து மண்டையப்பம் ரெண்டா வைக்கச் சொல்லணும் மக்கா."