பாதிக்குப் பாதி

ரப்பர் துண்டை இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்து, இழுத்த வாக்கிலேயே மேலுதட்டில் ஒட்டிப் பார்ப்பார் அய்யாக்குட்டி அண்ணாச்சி. அதோடு விடமாட்டார். வேண்டாம் வேண்டாம் என்று நான் தலையை ஆட்ட ஆட்ட, என் உதட்டிலும் வைத்து அழுத்துவார். "சுடுதா? இழுத்தாச் சூடு ஏறணும், விட்டாக் குளிரணும். அதுதாம்வே உயிருள்ள ரப்பர். செத்த ரப்பருக்கு இந்த ரோஷம் கெடையாது." சைக்கிள் ட்யூபுக்கு ஒட்டுப் போடப் போனவன் உதட்டில் கந்தக நாற்றத்தோடு வீடு திரும்ப வேண்டும்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் டயர்ப் பட்டறை வைத்திருக்கிறார். குள்ளமான ஆள், முழங்கை வரைக்கும் கரி. தேய்ந்த டயரின் மேல்தோலை அரத்தால் ராவி, பசை தடவி, புது ரப்பர்ப் பட்டையைச் சுற்றி, நீராவி அச்சில் வேகவைத்து எடுப்பது தொழில். அச்சின் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் ரப்பரை நகத்தால் கிள்ளிப் பார்த்த பிறகுதான் திறப்பார். அதுவரை ஜில்லா கலெக்டரே வந்து நின்றாலும் காத்திருக்க வேண்டியதுதான். "இல்லைங்கிற பேச்சை நம்ம பட்டறையில கேக்க முடியாது" என்பது அவர் வாய் ஓயாமல் சொல்லிக்கொள்ளும் பெருமை.

சண்டையில் மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போய், அங்கிருந்து ரப்பர் வருவது நின்றதும் அந்தப் பெருமைக்குச் சோதனை வந்தது. மலையாளத்துத் தோட்டங்களில் வடிகிற ரப்பர்ப் பால் பட்டாளத்து லாரிகளுக்கே பத்தவில்லை. எல்லாப் பட்டறைக்காரர்களையும் போல அண்ணாச்சியும் கழிசல் டயரை அரைத்துப் பதப்படுத்திய பழைய ரப்பரைப் புதுசோடு சேர்க்க ஆரம்பித்தார். அதில் தப்பில்லை. "மூணு பங்கு புதுசுக்கு ஒரு பங்கு பழசுன்னா பாதகமில்ல. நேத்தைய மாவு ஒரு கரண்டி விட்டா இன்னைய மாவு நல்லாத்தான் புளிக்கும். பானை பூரா நேத்தைய மாவுன்னா தோசை வருமா?" பழசு கூடக் கூட ரப்பர் விறைக்கும், இழுத்தால் நீளாமல் அறும், ஓட ஓட உள்ளுக்குள்ளேயே சூடு கட்டி, ஒட்டின இடத்தை விட்டுக் கழன்றுவரும். இது அவருக்குத் தெரியாத சங்கதியில்லை. என்னை உட்கார வைத்துப் பாடம் நடத்தியவரே அவர்தான்.

தெரிந்துதான் செய்தார். போன ஆடியில் மாதா கோயில் திருவிழாக் கூட்டத்துக்காக வேம்பார் பஸ்ஸை ஓட்டியே தீரவேண்டும் என்று அதன் முதலாளி தளவாய் வந்து நின்றார். புது ரப்பர் ஒரு டயருக்குப் பாதிதான் கையிருப்பு. இல்லையென்று சொல்ல அண்ணாச்சிக்கு நா எழவில்லை. பாதிக்குப் பாதி பழசைக் கலந்து போட்டார். காலைக் கடற்காற்றில் தட்டிப் பார்த்தார், கல் மாதிரி இருந்தது; அனுப்பிவிட்டார். உச்சி வெயிலில் உப்பளங்களுக்கு நடுவே மேல்பட்டை வாழைப்பட்டையாக உரிந்து, பஸ் வாய்க்காலில் சாய்ந்தது. உயிர்ச் சேதமில்லை. கருப்பட்டி விற்கப் போன சீனித்தாய்க்குக் கை முறிந்தது. டிரைவர் தேவபிரசாதத்துக்கு வேலை போயிற்று.

"வேகமா ஓட்டித் தொலைச்சிட்டான்" என்றார் தளவாய். ஊரும் அதையே சொன்னது. பெட்ரோல் கிடைக்காமல் கரி வாயுவில் ஓடுகிற பஸ் அது. பாலம் ஏற வேண்டுமென்றால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும். அதற்கு வேகம் எங்கிருந்து வந்தது என்று ஒரு பிரகிருதியும் கேட்கவில்லை.

இவ்வளவையும் அண்ணாச்சியே என்னிடம் சொன்னார், ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே. முகத்தைத் தூக்கவேயில்லை.

"தளவாய்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே, அண்ணாச்சி?" என்றேன்.

"போனேன்வே. அவரு வாசல் மட்டும் போனேன். 'என்ன வெசயம்'னு கேட்டாரு. 'சும்மா இந்தப் பக்கம் வந்தேன்'னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன். மானக்கேடா இருக்கு."

அதன் பிறகு தேவபிரசாதம் சாலையில் வருவது தெரிந்தால் அச்சுக்குப் பின்னால் குனிந்துகொள்வார். பேரன் எடுத்த மனிதர் இப்படி ஒளிவதைப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

போன வாரம் ஒளிய வழியில்லாமல் போயிற்று. நான் அங்கே இருந்தேன். இப்போது உப்பளத்தில் மூட்டை தூக்குகிற தேவபிரசாதம் நேரே உள்ளே வந்துவிட்டான்.

"அண்ணாச்சி, உப்புத் தண்ணி காலை அரிச்சுத் தின்னுட்டு. ஒரு ஜோடி டயர்ச் செருப்பு வெட்டித் தருவியளா? எம் பஸ்ஸு டயரு இங்கனதான் கெடக்குன்னாவ. அதுலயே வெட்டுங்க. நான் கெடுத்த டயரு, எனக்கே ஒழைக்கட்டும்." சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னாலேயே தாங்க முடியவில்லை.

அண்ணாச்சி டயரை உருட்டிவந்து, ஒரு துண்டு அறுத்துத் தரையில் போட்டார். அவன் காலைத் தூக்கி அதன்மேல் வைத்தான். விரலிடுக்கெல்லாம் வெந்து, குதிகால் பிளந்திருந்தது. அண்ணாச்சி குந்தி உட்கார்ந்து, பாதத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு இழுத்தார். கோடு முடிந்ததும் சாக்கட்டியைக் கீழே வைத்தார்.

"நீ வேகமா ஓட்டலைலே. பாதிக்குப் பாதி பழசைக் கலந்து அனுப்புனவன் நான்தான். வா, தளவாய் முன்னால வச்சே சொல்லுதேன்."

தேவபிரசாதத்துக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். "எந்திரிங்க அண்ணாச்சி. ரோட்டுல ஆளுக பாக்காவ."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அண்ணாச்சி தலையைக் குனிந்தபடி, கரி படிந்த இரண்டு கையாலும் அந்தக் காலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.