பெண்கள் வாசல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் புலம்பெயர்ந்து வந்து சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் குடியிருந்தோம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு பழைய பப்பில் எனக்கு வேலை. மேசை துடைப்பது, மொப்பால் நிலம் கழுவுவது. ஊரில் இருபது வருடம் சரித்திரம் படிப்பித்தவன் நான். மனைவியிடம் மேற்பார்வையாளர் என்று சொல்லியிருந்தேன்.

அந்தச் செங்கல் கட்டடத்துக்கு இரண்டு வாசல். முன்வாசல் ஆண்களுக்கு. பக்கத்து ஒழுங்கையில், ஒடுங்கிய சந்தில், இருந்த வாசல் பெண்களுக்கும் அவர்களைக் கூட்டி வருபவர்களுக்கும் என்று நிலைக்கு மேலே கல்லில் வெட்டியிருந்தது. ஒரு காலத்தில் இங்கே பெண்கள் ஆண்களோடு இருந்து பியர் குடிக்க முடியாது. நான் சேர்ந்தபோது அந்தச் சட்டம் போய்ப் பல வருடம். பக்கக் கதவு ஆணியடித்துக் கிடந்தது.

முதல் நாள் மனைவி சாப்பாடு கொண்டு வந்ததை ஜன்னலால் கண்டு, ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். அந்த எழுத்தைக் காட்டினேன்.

"பொம்பிளையள் இதாலைதான் வரலாம். இப்ப பூட்டிக் கிடக்கு. நீர் இதிலையே நில்லும், நான் வாறன்."

"வெள்ளைக்காரியள் முன்னாலை போகினமே?"

"அவைக்கு மெம்பர் காட் இருக்கு."

நம்பினாள்.

இரண்டு குளிர்காலம் அந்த ஒழுங்கையில் நின்றாள். சூடு போகாமல் சாப்பாட்டுப் பெட்டியைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு, சில நாள் அரைமணி நேரம்.

ஒரு தை மாத மதியம், எங்கள் ஊர்ச் சமையற்காரர் குப்பை போட குசினிக் கதவால் ஒழுங்கைக்கு வந்தார்.

"அக்கா, ஏன் உந்தக் குளிருக்கை விறைக்கிறியள்? உள்ளுக்கை வாங்கோ."

"நாங்கள் வரக்கூடாதெல்லே தம்பி. சட்டம்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆர் சொன்னது? உது அப்பு காலத்துச் சட்டம்! அண்ணை மொப் அடிச்சுக்கொண்டு நிக்கிறார், கூப்பிடட்டே?"

நான் அவருக்குப் பின்னால்தான் நின்றேன், கையில் மொப்போடு. அவள் என்னைப் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் சிரித்தேன். பொய்யைவிட அந்தச் சிரிப்புத்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெட்டியை நீட்டினாள். "ஆறமுன்னம் சாப்பிடுங்கோ."

பிறகு அவள் வரவில்லை. காலையில் வீட்டிலேயே பெட்டியைத் தந்துவிடுவாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்.

அவள் இப்போது இல்லை. அந்தக் கட்டடத்துக்குள் ஒருமுறையும் கால் வைக்காமலே போய்விட்டாள். நான் கூப்பிடாமல் இல்லை. அடுத்த வருடம் ஒருநாள் கூப்பிட்டேன்.

"ஒருக்கா வந்து உள்ளுக்கை பாருமன்."

"எனக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது," என்றாள்.

அப்போது ஆடி மாதம். வீட்டில் விசிறி சுழன்றுகொண்டிருந்தது.