சீக்காளி பிஸ்கெட்

பிஸ்கெட் பாக்கெட்டின் மெழுகுத்தாளைக் கிழித்ததும் குப்பென்று ஒரு பால்பொடி வாசனை வரும். என் நினைவில் அது தனியாக வருவதில்லை, ஆஸ்பத்திரி வராந்தாவின் பினாயில் வாடையையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

அப்போது நாங்கள் மந்தைவெளியில், பல குடித்தனங்கள் இருந்த ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். அப்பாவை நானும் தங்கையும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குத் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில், சட்டை காட்டும் இடத்தில் வேலை. பழைய ஜவுளிக்கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெள்ளைத்துணி விரித்த மெத்தைமேல் வெறுங்காலோடுதான் நாள் முழுக்க நிற்கவேண்டும். புதுச்சட்டையின் மடிப்பைப் பிரித்தால் காலரிலிருந்தும் கையிலிருந்தும் குண்டூசிகள் உதிரும். காலில் குத்தினால் உதறிவிட்டு அடுத்த சட்டையை எடுப்பார்கள்.

நைனாவுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த அன்று, டாக்டர் மருந்துச் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சர்க்கரையை நிறுத்தச் சொன்னாராம். அவ்வளவுதான் சொன்னார், அம்மாவும் அதைச் சொன்னபடியே செய்தாள். அன்று மாலையே சர்க்கரை டப்பா பரணில் ஏறியது. அவருக்கு இல்லாதது நமக்கு எதற்கு என்று வீட்டில் எல்லோருக்கும் கசப்புக் காபிதான். முன்கட்டு மாமி பண்டிகைக்குக் கொடுத்தனுப்பிய பாயசம்கூட வாசலோடு திரும்பிப் போனது. "எங்க வூட்ல சக்கரைன்ற பேச்சே கெடையாது" என்று குழாயடியில் சொல்லும்போது அம்மாவின் குரலில் ஒரு பெருமை இருக்கும்.

ஆனால் எங்கள் வீட்டுக் கணக்கில் ரொட்டியும் ரஸ்க்கும் பிஸ்கெட்டும் சர்க்கரையில் சேரவில்லை. அவற்றுக்கு "சீக்காளி பண்டம்" என்று பெயர். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை என்பதால், நைனாவுக்கு வியாதி என்று கேள்விப்பட்ட ஒவ்வொருவரும் ஒரு பாக்கெட்டோடு வந்தார்கள். ஆதம்பாக்கத்திலிருந்து வரும் அத்தை, நைனாவின் அக்கா, கிரீம் வைத்த பிஸ்கெட்டும் பாலில் கலக்கும் சத்துமாவு பாட்டிலும் கொண்டுவருவாள். தம்பி இளைத்துப்போய்விட்டான் என்று அவளுக்குக் கவலை. நைனா அந்த பிஸ்கெட்டைக் கசப்புக் காபியில் முக்கி முக்கித் தின்பார். "சக்கரைய நிறுத்துனப்புறந்தான் காபியே ருசியா கீது" என்பார். அம்மா சிரிப்பாள். நாங்களும் மிச்சத்தைத் தின்றுகொண்டு சிரிப்போம். நைனாவுக்குக் குணமாகிவிட்டால் பிஸ்கெட் வராதே என்று தங்கை ஒருநாள் கேட்டபோதுகூட எல்லோரும் சிரித்தோம்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து நைனா கால் கழுவும்போது, குதிகாலில் ஏதோ மின்னுவதை அம்மா பார்த்தாள். குண்டூசியின் தலை மட்டும் வெளியே தெரிந்தது, மற்றதெல்லாம் உள்ளே இருந்தது. "வலிக்கவேயில்ல புள்ள" என்று நைனா அதிசயமாகச் சொன்னார். வலிக்காதவரைக்கும் நல்லதுதான் என்று சொல்லி, ஊசியைப் பிடுங்கி மஞ்சள் வைத்துக் கட்டினாள் அம்மா.

புண் ஆறவில்லை. கால் கறுக்கத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கடைக்காரர்கள், அக்கம்பக்கம், அத்தை என்று எல்லோரும் வந்தார்கள். கட்டிலோரத்து அலமாரியில் பாக்கெட்டுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. நர்சம்மா வந்து, இவர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். வருஷக்கணக்கில் வீட்டில் சர்க்கரையே தொட்டதில்லை என்று அம்மா குழாயடிக் குரலிலேயே சொன்னாள். நர்சம்மா அலமாரியைத் திறந்தார்.

"இது இன்னாம்மா, கடை வச்சிருக்கியா?"

"சீக்காளிக்கு வந்ததும்மா."

"அத்தினியும் சக்கரதாம்மா. மைதாவும் சக்கரையும்."

அம்மா அலமாரிக் கதவைச் சாத்தினாள், பிறகு திறந்தாள், பிறகு மறுபடியும் சாத்தினாள்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்த வருஷம் ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடமும் முடிந்தது. நைனா வீடு திரும்பிய பிறகும் பார்க்க வருகிறவர்கள் பாக்கெட்டோடுதான் வந்தார்கள். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கி அங்கேயே கிழித்து, தட்டில் கொட்டி, கசப்புக் காபியோடு வந்தவர்கள் முன்னாலேயே வைத்தாள். "சாப்புடுங்க அண்ணி, அவருக்கு ஆவாது" என்றாள். அத்தைக்கு முகம் சுருங்கியது, ஆனாலும் தின்றாள். சில வருஷங்களில் நைனாவும் போய்விட்டார்.

இப்போது எனக்கும் சர்க்கரை இருக்கிறது. அடையாறில் நான் பார்க்கும் டாக்டரம்மா, பாக்கெட்டில் வருவது எதையும் தொடவேண்டாம் என்று ரொட்டியிலிருந்து பாட்டில் ஜூஸ்வரை ஒவ்வொன்றாகச் சொன்னார். அதில் பாதி நேரத்தை அன்றைக்கு யாராவது என் அம்மாவுக்குக் கொடுத்திருக்கலாம். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். நாக்கு அடங்கிவிட்டது, கோபம்தான் அடங்கவில்லை.

நைனா வேலைபார்த்த கடை இன்று பல மாடியாகிவிட்டது. மெத்தையும் வெள்ளை விரிப்பும் போய், பையன்கள் ஷூ போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். சட்டைகளில் குண்டூசிக்குப் பதில் பிளாஸ்டிக் கிளிப் இருக்கிறது. பிஸ்கெட்டுக்கு மெழுகுத்தாளும் இல்லை, தொட்டாலே சலசலக்கும் பளபளப்புத் தாள்தான்.

போன மாதம் நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது, கூட வேலை செய்யும் தம்பி ஒருவன் பார்க்க வந்தான். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கென்றே செய்தது என்று சொல்லி ஒரு பாக்கெட்டை நீட்டினான். பின்னால் இருந்த பொடி எழுத்தை என் மகள் மெதுவாகப் படித்தாள். முதல் சாமானே மைதா. எனக்கு எதையும் மறுத்துப் பேச வராது. எதற்குப்பா இதெல்லாம் என்று முனகியபடி வாங்கிக்கொண்டேன்.

அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. தாள் சலசலத்ததைக் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாக்கெட்டை என் கையிலிருந்து எடுத்துக் கிழித்து, தட்டில் கொட்டி அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்புடு தம்பி. இவனுக்கு ஆவாது."

அவன் கூச்சத்தோடு ஒன்றை எடுத்தான். தட்டு காலியாகும்வரை அம்மா அங்கேயே நின்றாள்.