அமிர்தம் அத்தை வாரிய மண்

கிளிஞ்சல்மேட்டில் அமிர்தம் அத்தையிடம் பேரம் பேசி ஜெயித்தவர் யாராவது இருந்தால் காட்டுங்கள், நான் விழுந்து கும்பிடுகிறேன். அவள் புருஷன் அரசப்பன் மாமா படகில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்த பிறகு, துறைமுகத்தில் மீனை ஏலம் எடுத்து நெடுங்காடு வரை கூடை சுமந்து விற்றவள் அவள். அந்த வருமானத்தில்தான் ஒரே மகள் வினோதினி நர்சிங் படித்தாள், பிரான்சுக்கு வேலைக்கும் போனாள். போன இடத்தில் ஒரு பிரெஞ்சுக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றோடு அத்தை மகளிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். நான் பக்கத்து வீடு, வினோதினியோடு ஒரே பெஞ்சில் படித்தவள். இரண்டு பேருக்கும் நடுவில் தூது போயே எனக்கு அலுத்துவிட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். மீனவப் பெண்ணுக்கும் பிரெஞ்சு வாலிபனுக்கும் காதல் என்று ஒரு நாவல்; அதைப் படமாக்குகிறார்களாம். நாவலை நான் படித்திருக்கிறேன். எழுதியவர் எங்கள் கரைப்பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்று சத்தியம் செய்வேன். கதாநாயகியின் அம்மா வாயைத் திறந்தாலே சாபம்தான். ஏலத்தில் அத்தை போட்ட சத்தத்தைக் கேட்டுவிட்டு, டைரக்டர் அவளையே அந்த அம்மா வேஷத்துக்குப் பிடித்துப் போட்டார். அத்தைக்கு ஏக குஷி. மீன் விற்கிற தெருவெல்லாம் வசனத்தைச் சொல்லிப் பார்த்தாள்.

முக்கியமான காட்சிக்கு முந்தின நாள் வினோதினி எனக்குப் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.

"அத்தை, வினோ முழுகாம இருக்கா!"

அத்தை மீன் அறுப்பதை நிறுத்தவில்லை. "சரி, போ" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அரிவாள்மணையைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

மறுநாள் மத்தியானம் கடற்கரையில் படப்பிடிப்பு. மகள் பிரெஞ்சுக்காரனோடு கிளம்புகிறாள். அம்மா ஓடிவந்து மண்ணை வாரித் தூற்றி, 'நீ வெளங்கவே மாட்டே' என்று சபிக்க வேண்டும். பெற்றவள் மண்ணை வாரித் தூற்றினால் அந்தச் சாபம் லேசில் போகாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெருவே கூடி நின்றது.

டைரக்டர் குரல் கொடுத்தார். அத்தை ஓடினாள், குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள், கையை ஓங்கினாள். மகளாக நடித்த பெண் முகத்தை மூடிக்கொண்டாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கி, அந்தப் பெண்ணின் தலையை மூன்று முறை சுற்றியது.

"துப்பு" என்றாள் அத்தை.

அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள்.

"துப்புடி! ஊர்க்கண்ணு, ஒறவுக்கண்ணு எல்லாம் போவட்டும். மூணு தரம் துப்பு."

அவளும் பயந்துபோய்த் துப்பினாள். அத்தை மண்ணைக் கடலில் வீசினாள். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னம்மா பண்றீங்க? கதையில தூத்தணும்மா!"

"உங்க கதையில தூத்துவாங்க தம்பி. நடிப்புன்னாலும் பெத்தவ கையி இது. எம்மவ அங்க புள்ளத்தாச்சியா இருக்கா. இன்னொருத்தி பெத்த பொண்ணு மேல நான் தூத்த மாட்டேன். வேற ஆள வச்சு எடுத்துக்குங்க."

அப்படியே வேறு ஆளை வைத்து எடுத்துக்கொண்டார்கள். படத்தில் அத்தையின் முதுகுகூட இல்லை. போனால் போகட்டும், அன்று நான் பார்த்ததற்கு ஈடாக எந்தப் படத்தையும் சொல்ல மாட்டேன். அவளை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தை நேரே என்னிடம்தான் வந்தாள்.

"வினோவுக்குப் போனப் போடு."

போட்டுக் கொடுத்தேன். அம்மாவின் குரலைக் கேட்டதும் அந்தப் பக்கம் அழுகைதான். அத்தையின் கண்ணும் நிறைந்துவிட்டது.

"ஏண்டி அழுவுற? சாப்ட்டியா?"

மகள் ஏதோ சொன்னாள். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாப்ள சாப்ட்டாரா?"